பூஜ்யத்தைக் கடக்கும் கணம்

இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண்ணை 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன மின்தொகுப்பு விதிகள். நம் வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு சிறிய மின்மாற்றி, ஒரு எட்டுக்கால் ஐசி, இரண்டு டையோடுகள், கொஞ்சம் ரெசிஸ்டர்கள், மின்தேக்கிகள், எண்ணிக்கொள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். ஆனால் சாலிடரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன், அளக்கப்போகிற இடைவெளி எவ்வளவு சிறியது என்று பார்த்துவிடுவோம்.

49.90 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி முடிய 20.04 மில்லி விநாடி ஆகிறது. 50.05 ஹெர்ட்ஸில் 19.98 மில்லி விநாடி. வித்தியாசம் 60 மைக்ரோ விநாடி. விதி அனுமதிக்கும் முழு அகலமும் ஒரு சுழற்சியில் இவ்வளவுதான். இதற்குள் நாலைந்து படிகளாவது பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வொரு சுழற்சியும் எப்போது தொடங்கியது என்பதைப் பத்து மைக்ரோ விநாடி சுத்தமாகச் சொல்ல வேண்டும்.

சுழற்சி எங்கே தொடங்குகிறது? வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது, அலைக்கும் அப்படித்தான். நாமாக ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். உச்சியைப் பிடிக்கலாமே என்று தோன்றும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சி 325 வோல்ட். இவ்வளவு பெரியதை விட்டுவிட்டு ஒன்றுமே இல்லாத பூஜ்யத்தை ஏன் தேட வேண்டும்? ஆனால் உச்சியில் அலை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. உச்சிக்கு ஒரு மில்லி விநாடி முன்னும் பின்னும் மின்னழுத்தம் வெறும் 5 சதவீதம்தான் மாறுகிறது. அந்த மொட்டை வளைவில் எது உச்சி என்று சொல்வது கடினம். பூஜ்யத்தில் நிலைமை தலைகீழ். பூஜ்யத்தைக் கடந்த ஒரே மில்லி விநாடியில் அலை உச்சியின் 31 சதவீத உயரத்துக்கு ஏறிவிடுகிறது. சைன் அலை மிக வேகமாக நகரும் இடம் அதுதான். 230 வோல்ட் மின்சாரம் பூஜ்யத்தைக் கடக்கும்போது அதன் வேகம் விநாடிக்கு ஒரு லட்சம் வோல்ட்டுக்குச் சற்று மேல்; மைக்ரோ விநாடிக்கு 0.1 வோல்ட்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சூத்திரம்தான் உண்டு. நேரத்தில் வரும் பிழை என்பது இரைச்சலைச் சரிவால் வகுத்தால் கிடைப்பது. இரைச்சல் 10 மில்லி வோல்ட், சரிவு மைக்ரோ விநாடிக்கு 1 மில்லி வோல்ட் என்றால், கடக்கும் நேரம் 10 மைக்ரோ விநாடி முன்னேயோ பின்னேயோ தவறும். இதில் சிக்னலின் உயரம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பூஜ்யத்தில் சிக்னல் என்ன வேகத்தில் பாய்கிறது என்பது மட்டுமே கணக்கு. இனி நாம் எடுக்கப்போகும் முடிவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே வருகின்றன.

பூஜ்யத்தைக் கடந்ததா என்று அறிய, சிக்னல் இப்போது பிளஸ்ஸா மைனஸா என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லும் வேலைக்கென்றே பிறந்த ஐசிக்கு கம்பாரேட்டர் என்று பெயர். எல்எம்393 அவற்றில் மலிவானது. எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். அதற்குள் இரண்டு கம்பாரேட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிளஸ் என்றும் மைனஸ் என்றும் இரண்டு உள்ளீட்டு முனைகள், ஒரு வெளியீடு. பிளஸ் முனையின் மின்னழுத்தம் மைனஸ் முனையைவிட உயர்ந்திருந்தால் வெளியீடு மேலே, தாழ்ந்திருந்தால் கீழே. நடுவில் எதுவும் இல்லை. வித்தியாசத்தை இரண்டு லட்சம் மடங்கு பெருக்கும் அளவுக்கு அதற்கு வலிமை உண்டு. அதாவது 25 மைக்ரோ வோல்ட் வித்தியாசமே வெளியீட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளப் போதும்.

பழைய 741 ஆப்-ஆம்பை வைத்தும் இதைச் செய்யலாம். பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் 741 தன் வெளியீட்டை மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் நகர்த்தாது. 5 வோல்ட் ஏறவே 10 மைக்ரோ விநாடி. நம் தேவையே 10 மைக்ரோ விநாடி என்னும்போது அந்த ஐசிக்கு இங்கே இடமில்லை.

சரி, கம்பாரேட்டரின் மைனஸ் முனையைப் பூஜ்யத்தில் கட்டி, பிளஸ் முனையில் சிக்னலைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடாதா? தாளில் முடிந்துவிடும். மேசையில் முடியாது. 25 மைக்ரோ வோல்ட்டுக்கே சரிந்துவிடுகிற சாதனம், இரைச்சலுக்கும் அப்படியே சரியும். பிரெட்போர்டு ஒயர்கள் பிடித்துக்கொள்ளும் இரைச்சல் மட்டுமே பல மில்லி வோல்ட் இருக்கும். சிக்னல் பூஜ்யத்தை நெருங்கும்போது, இரைச்சல் அதை ஒருமுறை மேலே தூக்கும், ஒருமுறை கீழே தள்ளும். ஒரு கடப்புக்கு ஒரு மாற்றம் வர வேண்டிய இடத்தில் வெளியீடு ஐந்தாறு முறை துள்ளும். எண்ணிக்கொண்டிருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அத்தனையையும் நம்பிவிடும். திரையில் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 137 ஹெர்ட்ஸ் போன்ற அபத்தங்கள் தெரியும்.

சிக்னலே இல்லாதபோது இன்னும் மோசம். இரைச்சல் மட்டும் இருந்தால் அது விநாடிக்கு எத்தனை முறை பூஜ்யத்தைக் கடக்கும் என்பதைப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரைஸ் 1944, 1945 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். எந்த ஒழுங்கும் இல்லாத ஒன்றுக்கு இப்படித் துல்லியமான விடை கிடைப்பதே ஆச்சரியம். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை சமமாகப் பரவியிருக்கும் இரைச்சல், அந்த அதிர்வெண்ணைப் போல சராசரியாக 1.155 மடங்கு தடவை விநாடிக்குப் பூஜ்யத்தைக் கடக்கிறது. 10 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள இரைச்சல் என்றால் விநாடிக்குச் சுமார் 11,500 கடப்புகள். மின்சாரம் போன நேரத்தில் உங்கள் மீட்டர் மிக உற்சாகமாக இயங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து கண்டவர் ஒரு மாணவர். 1934இல் அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட் நரம்புகள் தகவலை எப்படிக் கடத்துகின்றன என்பதைப் படித்துக்கொண்டிருந்தார். கணவாய் மீனின் தடித்த நரம்பு அந்த ஆய்வுகளில் பயன்பட்டது. நரம்புக்கு ஒரு குணம் உண்டு: தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டும்வரை பேசாமல் இருக்கும், தாண்டிவிட்டால் முழு வீச்சில் துடிக்கும், பாதித் துடிப்பு என்று ஒன்று கிடையாது. இதே குணமுள்ள மின்சுற்றை இரண்டு வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஷ்மிட் கட்டினார். 1938இல் அது கட்டுரையாக வெளிவந்தது. இன்று உலகில் உள்ள எண்ணற்ற ஐசிகளுக்குள் ஷ்மிட் டிரிகர் என்ற பெயரில் அது உட்கார்ந்திருக்கிறது.

அதன் சூட்சுமம், மேலே போக ஓர் எல்லை, கீழே வர வேறோர் எல்லை என்பதுதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் கீழ்க்குறிக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல்குறிக்கு ஏறினால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே குறியை வைத்தால், தண்ணீரின் ஒவ்வொரு தளும்பலுக்கும் மோட்டார் ஓடி நின்று ஓடி, ஒரே வாரத்தில் காயில் போய்விடும். இரண்டு குறிகளுக்கு நடுவேயுள்ள இந்தத் தயக்க இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர்.

கம்பாரேட்டரில் இதைக் கொண்டுவர ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். வெளியீட்டிலிருந்து பிளஸ் முனைக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிக் கட்டினால், வெளியீடு மேலே போனதும் அது பிளஸ் முனையையும் கொஞ்சம் மேலே தூக்கிவிடும். எடுத்த முடிவை உறுதிப்படுத்திக்கொள்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் சிக்னல் அந்தக் கொஞ்சத்தையும் கடந்து கீழே வர வேண்டும்.

இப்போது கட்டலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாக நேராக ஐசிக்குக் கொண்டுவரும் படங்கள் நிறையப் புழங்குகின்றன. அவற்றில் மின்சுற்றின் எல்லாப் பகுதியும் மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். தொட்டால் ஆள் காலி. மின்மாற்றிதான் நம்மையும் லைனையும் பிரித்துவைக்கும் சுவர். கடைகளில் கிடைக்கும் 6-0-6 மின்மாற்றி ஒன்றை ஃபியூஸோடு சேர்த்து மூடிய பெட்டிக்குள் வைத்து, 6 வோல்ட் பக்கத்து ஒயர்களை மட்டும் வெளியே எடுங்கள். செல்போன் சார்ஜர் உதவாது. அது டிசி தரும், அதில் கடக்கப் பூஜ்யமே இருக்காது.

6 வோல்ட்டின் உச்சி 8.5 வோல்ட். சிறிய மின்மாற்றிகள் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தரும். நமக்கு அது நல்லதுதான். ஆனால் எல்எம்393 ஐசியை 5 வோல்ட்டில் ஓட்டப்போகிறோம். அதன் முனைகள் பூஜ்யத்துக்குக் கீழே 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது, மேலே 3.5 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. மேலும் கீழும் 8.5 வோல்ட் ஆடுகிற அலையை இந்தச் சின்ன ஜன்னலுக்குள் எப்படி நுழைப்பது?

அலையைச் சுருக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இரண்டு ரெசிஸ்டர்களால் வகுத்து, உச்சியை அரை வோல்ட்டாக்கினால் பத்திரம். சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அரை வோல்ட் உச்சியுள்ள 50 ஹெர்ட்ஸ் அலை பூஜ்யத்தில் விநாடிக்கு 157 வோல்ட் வேகத்தில் நகரும். அதற்குப் பிறகு பிரெட்போர்டில் 10 மில்லி வோல்ட் இரைச்சல் சேர்ந்தால் நேரப் பிழை 64 மைக்ரோ விநாடி. அளக்க வந்த மொத்த அகலமே 60! அலையைச் சுருக்கும்போது அதன் சரிவையும் சேர்த்துச் சுருக்கிவிட்டோம்.

இன்னொரு வழி, தலையை வெட்டுவது. ரெசிஸ்டருக்கு அப்பால் இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிர்த் திசையில் இணையாகக் கட்டினால், அலை 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் ஒரு டையோடு திறந்து அதை அங்கேயே நிறுத்தும். மைனஸ் பக்கம் மற்றது. உச்சிகள் போய்விடும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டி, இரண்டு டையோடுகளும் மூடியிருக்கும் நேரத்தில், 8.5 வோல்ட் அலையின் முழுச் சரிவும் குறையாமல் உள்ளே வருகிறது: விநாடிக்கு 2,670 வோல்ட். அதே 10 மில்லி வோல்ட் இரைச்சலுக்கு இப்போது பிழை 4 மைக்ரோ விநாடிக்கும் குறைவு. உச்சியில் இருக்கும் தகவல் நமக்கு வேண்டாதது. அதை வீணடித்ததில் நஷ்டம் இல்லை. பதினேழு மடங்கு லாபத்துக்கு இரண்டு டையோடுகளின் விலை.

ஒற்றை 5 வோல்ட் சப்ளையில் மைனஸ் என்பதே இல்லையே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே தொடராக வைத்தால் மையப்புள்ளி 2.5 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று. இந்த மையப்புள்ளியே நம் பூஜ்யம். மின்மாற்றியின் ‘0’ ஒயர், டையோடுகளின் ஒரு பக்கம், கம்பாரேட்டரின் மைனஸ் முனை மூன்றும் இங்கே சேரும். வெட்டப்பட்ட அலை 2.5 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 0.6 ஆடும், அதாவது 1.9 முதல் 3.1 வரை. ஜன்னலுக்குள் சரியாகப் பொருந்துகிறது. ரெசிஸ்டர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்து மையம் 2.4 வோல்ட்டாகிவிட்டாலும் கவலை இல்லை. அலையும் அதை ஒப்பிடும் முனையும் ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

மின்மாற்றியின் ‘6’ ஒயரிலிருந்து கம்பாரேட்டரின் பிளஸ் முனைக்கு மொத்தம் ஏறத்தாழ 10 கிலோ ஓம் வேண்டும். வெளியீட்டிலிருந்து பிளஸ் முனைக்கு 1 மெகா ஓம். வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்க 4.7 கிலோ ஓம். எல்எம்393 கீழே மட்டுமே இழுக்கும், மேலே தள்ளாது. இந்தக் கடைசி ரெசிஸ்டரை மறந்துவிட்டு ஐசி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் ஏராளம். ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில், 5 வோல்ட் ஆட்டத்துக்கு 50 மில்லி வோல்ட் ஹிஸ்டெரிசிஸ் கிடைக்கிறது. பூஜ்யத்துக்கு மேலே 25, கீழே 25. மேசை இரைச்சலை இது தாராளமாக விழுங்கும். உள்ளே வரும் 10 கிலோ ஓம் இரண்டு வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள்: டையோடுகளில் பாயும் மின்னோட்டத்தை ஒரு மில்லி ஆம்பியருக்குள் அடக்குகிறது, ஹிஸ்டெரிசிஸின் அகலத்தையும் தீர்மானிக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. நம் மின்சுற்று இப்போது பூஜ்யத்தைச் சொல்வதில்லை. 25 மில்லி வோல்ட் தாண்டியபின்தான் சொல்கிறது. விநாடிக்கு 2,670 வோல்ட் சரிவில் அது 9.4 மைக்ரோ விநாடித் தாமதம். பத்து மைக்ரோ விநாடித் துல்லியம் கேட்ட நாமே அதை அப்படியே தாமதமாகக் கொடுத்துவிட்டோமே? இல்லை. இந்தத் தாமதம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே அளவு. ஏறும் விளிம்பிலிருந்து அடுத்த ஏறும் விளிம்புக்கு அளந்தால், இரண்டு பக்கமும் அதே 9.4 கழிந்து மறைந்துவிடும். இரைச்சலால் வரும் 4 மைக்ரோ விநாடி அப்படிக் கழியாது, ஏனென்றால் அது ஒவ்வொரு தடவையும் வேறு. என்றும் மாறாத பெரிய பிழையை விட, அவ்வப்போது மாறும் சின்னப் பிழைதான் அளப்பவனுக்கு எதிரி.

ஒரு நுட்பம் மீதியிருக்கிறது. அக்கம்பக்கத்து மோட்டார்கள், எல்இடி டிரைவர்கள் எல்லாம் லைனில் கூர்மையான முட்களைப் போடும். அவற்றை வடிகட்ட 10 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று போடலாம். எங்கே? பிளஸ் முனையில் போடத்தான் கை போகும். போட்டால் ஹிஸ்டெரிசிஸ் ஊமையாகிவிடும். வெளியீடு மாறிய அதே நொடியில் பிளஸ் முனை குதிக்க வேண்டும். மின்தேக்கி அதைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். அந்த இடைவெளியில் கம்பாரேட்டர் மறுபடியும் துள்ளத் தொடங்கும். அதனால் 10 கிலோ ஓமை இரண்டு 4.7 கிலோ ஓம்களாகப் பிரித்து, அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து 2.5 வோல்ட் புள்ளிக்கு மின்தேக்கியைக் கட்டுங்கள். முட்கள் முதல் பாதியில் வடிந்துவிடும்; இரண்டாவது பாதி ஹிஸ்டெரிசிஸ் உடனே குதிக்க இடம் தரும். வடிகட்டி 47 மைக்ரோ விநாடி தாமதத்தைச் சேர்க்கும். அதுவும் மாறாத தாமதம்தான். டையோடுகள் பிளஸ் முனையிலேயே இருக்கட்டும். ஐசிக்குள் சும்மா கிடக்கும் இரண்டாவது கம்பாரேட்டரின் உள்ளீடுகளைத் தரையில் கட்டிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் அது தன்பாட்டுக்கு அதிர்ந்து முதலாவதையும் கெடுக்கும்.

வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், பிளஸ் பாதி முழுவதும் 5 வோல்ட், மைனஸ் பாதி முழுவதும் பூஜ்யம் என்று ஒரு சதுர அலை தெரியும். அலைக்கு எந்த முகம் என்று இது சொல்கிறது. முகம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டித் துடிப்பு வேண்டும் என்றால் ஒரு எக்ஸ்-ஆர் கேட் சேர்க்க வேண்டும். சிடி4070 ஐசியில் நான்கு இருக்கின்றன. அதன் இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால்தான் வெளியீடு உயரும். ஓர் உள்ளீட்டுக்குச் சதுர அலையை நேராகக் கொடுங்கள். மற்றதுக்கு 10 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் வழியாகக் கொஞ்சம் தாமதித்துக் கொடுங்கள். விளிம்பு வந்ததும் நேர்வழி மாறிவிடும், தாமத வழி பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த 70 மைக்ரோ விநாடி மட்டும் கேட் திறந்து மூடும். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று, விநாடிக்கு நூறு.

அதிர்வெண் அளக்க இந்தத் துடிப்பு தேவையில்லை. சதுர அலையின் ஏறும் விளிம்புகளே போதும், அதுதான் நல்லதும்கூட. ஒவ்வொரு சுழற்சியாக அளக்காமல் 50 சுழற்சிகளை ஒரே வீச்சில் அளந்தால், 60 மைக்ரோ விநாடி அகலம் 3,000 மைக்ரோ விநாடியாக விரிகிறது. இரைச்சல் பிழையோ தொடக்க விளிம்பிலும் முடிவு விளிம்பிலும் மட்டும்தான். நடுவில் வந்த 49 கடப்புகள் எப்படித் தடுமாறியிருந்தாலும் நமக்குக் கவலையில்லை, எண்ணிக்கை தவறாதவரை. ஹிஸ்டெரிசிஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் கடிகாரம்தான். ஆர்டுயினோ ஊனோ பலகையின் மைக்ரோகன்ட்ரோலர் செராமிக் ரெசனேட்டரில் ஓடுகிறது. அதன் துல்லியம் அரை சதவீத அளவில்தான். 50 ஹெர்ட்ஸில் அரை சதவீதம் என்றால் 0.25 ஹெர்ட்ஸ், நாம் பார்க்க விரும்பும் அகலமோ 0.15. அலையின் முனையில் மைக்ரோ விநாடிகளுக்காக மல்லுக்கட்டிவிட்டு, மணிக்கூட்டில் கோட்டைவிடக் கூடாது. குவார்ட்ஸ் படிகமுள்ள பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிழை ஒரு ஹெர்ட்ஸின் ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்கிவிடும்.

ஓடவிட்டுப் பார்த்தால் எண் ஓயாமல் ஊர்வது தெரியும். மின்நுகர்வு உற்பத்தியை மிஞ்சும்போது, நாடு முழுவதும் ஒரே தாளத்தில் சுழலும் மின்னாக்கிகள் தங்கள் சுழற்சி வேகத்திலிருந்தே பற்றாக்குறையை ஈடுகட்டுகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. நுகர்வு குறைந்தால் ஏறுகிறது. மதுரையில் நீங்கள் பார்க்கும் எண்ணும் டெல்லியில் ஒருவர் பார்க்கும் எண்ணும் ஒன்றுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. தென்னிந்திய மின்தொகுப்பு நெடுங்காலம் தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஓடியது. மற்ற பகுதிகளோடு டிசி தடங்கள் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே பல கோடிப் பேரை இருளில் தள்ளிய சரிவு இங்கே வராததற்கு இந்தத் தனிக்குடித்தனமும் ஒரு காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோ வோல்ட் தடம் வழியாகத் தெற்கு நாட்டுத் தொகுப்போடு இணைந்தது. இணைக்கும் சுவிட்சின் இரு பக்கத்து அலைகளும் ஒரே கணத்தில், ஒரே திசையில் பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான் அதை மூட முடியும். இலங்கைத் தொகுப்பு இன்றும் தனி; யாழ்ப்பாணத்தில் இதே மின்சுற்றை வைத்தால் 50ஐச் சுற்றியே ஆடும், ஆனால் ராமேஸ்வரத்தின் ஆட்டத்தோடு ஒத்துப்போகாது.

மின்மாற்றி வேண்டாம், இடமில்லை என்பவர்களுக்கு ஆப்டோகப்ளர் இருக்கிறது. உள்ளே ஒரு எல்இடி, எதிரே ஒரு ஒளி டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் ஒளியைத் தவிர வேறு தொடர்பில்லை. தொழிற்சாலைப் பொருட்களில் இதுவே அதிகம். 230 வோல்ட்டிலிருந்து இரண்டு 47 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர்கள் தொடராக வந்து எல்இடியை ஓட்டும். ஆனால் எல்இடியில் ஒரு மில்லி ஆம்பியர் பாய அலை 95 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். பூஜ்யத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி முன்பே விளக்கு மங்கி, அதே அளவு பின்புதான் தெளியும். நம் பத்து மைக்ரோ விநாடிக்கு எதிரே இது நூறு மடங்கு. ஹீட்டரை இயக்கவும் ஃபேன் வேகத்தைக் குறைக்கவும் தாராளமாகப் போதும். அதிர்வெண்ணை நுணுக்கமாகப் பார்க்க நான் இதைத் தொடமாட்டேன்.

கடைசியாக, இந்த மின்சுற்றில் செய்து பார்க்கக்கூடிய விசித்திரமான சோதனை ஒன்று. சிக்னலின் உயரம் முழுவதையும் வீசி எறிந்துவிட்டு முகமாற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு பேச்சொலியை இப்படிச் செய்தால் என்ன மிஞ்சும்? 1948இல் ஜே.சி.ஆர். லிக்லைடரும் இர்வின் போலாக்கும் இதைச் சோதித்தார்கள். குரலைக் கம்பாரேட்டர் போல வெட்டி, பிளஸ் மைனஸ் என்ற இரண்டு நிலைகள் மட்டுமுள்ள சதுர அலையாக்கிக் கேட்கவைத்தார்கள். கேட்கக் கர்ணகடூரமாக இருந்தது, ஆனால் புரிந்தது. வெட்டுவதற்கு முன் மேல் அதிர்வெண்களை உயர்த்திவிட்டால் பெரும்பாலான சொற்கள் தெளிவாகவே புரிந்தன. லிக்லைடர் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் அமர்ந்து, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கனவை விதைத்தவர். பெல் ஆய்வகத்தின் பென் லோகன் 1977இல் இதற்கொரு கணித அடித்தளம் தந்தார். ஒரு சிக்னலின் அதிர்வெண் பரப்பு ஓர் ஆக்டேவுக்குள், அதாவது மேல் எல்லை கீழ் எல்லையின் இரு மடங்கைத் தாண்டாமல் இருந்தால், சில நிபந்தனைகளோடு, பூஜ்யம் கடக்கும் நேரங்களைக் கொண்டே உயரத்தைத் தவிர மற்ற அனைத்தையும் மீட்டெடுக்கலாம் என்று அவர் நிறுவினார். பேச்சு பல ஆக்டேவ்கள் அகலமானது, இந்தத் தேற்றத்துக்குள் அடங்காது. என்றாலும் காது சமாளித்துவிடுகிறது.

செய்து பார்க்க விரும்பினால் மின்மாற்றியைக் கழற்றிவிட்டு, ஒரு மைக் பெருக்கியின் வெளியீட்டை 2.2 நானோ ஃபாரட் மின்தேக்கி வழியாக அதன் இடத்தில் கொடுங்கள். அந்தப் புள்ளியை 10 கிலோ ஓம் வழியாக 2.5 வோல்ட்டோடு கட்டுங்கள். மேல் அதிர்வெண்களை உயர்த்தும் வேலையை இந்தச் சின்ன மின்தேக்கியே செய்துவிடும். முட்களுக்காகப் போட்ட 10 நானோ ஃபாரட்டை எடுத்துவிடுங்கள். சிக்னல் இப்போது சிறியது என்பதால் 1 மெகா ஓமுக்குப் பதில் 4.7 மெகா ஓம் போட்டு ஹிஸ்டெரிசிஸைக் குறையுங்கள். வெளியீட்டை வால்யூம் கன்ட்ரோல் ஒன்றின் வழியாக ஸ்பீக்கர் பெருக்கிக்குக் கொடுங்கள், முதலில் மிகக் குறைவாக வைத்து. பேசத் தொடங்கும் முன் அறையின் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். உயரம் என்பதே இல்லாத இந்த உலகத்தில் ஹிஸ்டெரிசிஸைத் தாண்டிவிட்ட எந்தச் சத்தமும் உங்கள் குரலுக்குச் சமமான முழு வீச்சில்தான் வெளியே வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஃபேன்தான் கத்திக்கொண்டிருக்கும்.